குறை ஏதும் தென்படவில்லையாம்: ஒரு கார் டீலரின் சர்வீஸ் பிரிவைப் பற்றி

கார் வாங்கிய டீலரை மதிப்பிடும்போது விற்பனைப் பிரிவையும் சர்வீஸ் பிரிவையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. விற்பனையில் எனக்குப் புகார் எதுவும் இல்லை. வண்டி சொன்ன நாளில் வந்தது, ஆவணங்களும் ஒழுங்காக இருந்தன. சர்வீஸ் பிரிவோ, வாரண்டிக் காலத்திலேயே தெரிவிக்கப்பட்ட இரண்டு குறைகளைத் தீர்க்காமல், தீர்த்துவிட்டதாகக் காகிதத்தில் மட்டும் பதிவு செய்துகொண்டிருக்கிறது.

முதல் குறை கியர்பாக்ஸில். வண்டியில் இருப்பது உலர் வகை இரட்டை கிளட்ச் (எஞ்சினின் விசையை கியர்பாக்ஸோடு இணைத்தும் பிரித்தும் விடும் தகடுகள்) கொண்ட ஆட்டோமேட்டிக். எண்ணெயில் இயங்கும் ஈர வகையைப் போல இதில் சூட்டை வாங்கிக்கொள்ள எண்ணெய் கிடையாது என்பதால், நெரிசலில் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் தகடுகள் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே சூடேறுகின்றன. அப்படிச் சிறிது நேரம் ஓட்டினால், முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறும் இடத்தில், இருக்கை வரை உணரக்கூடிய ஓர் உதறல் வருகிறது. எப்போது வருகிறது, எந்த வேகத்தில் வருகிறது என்பதை எழுத்திலேயே கொடுத்திருந்தேன். சர்வீஸ் அட்வைசர் செய்ததெல்லாம், காலையில் ஆறிக் கிடந்த வண்டியைக் காலியான சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, வேலை விவரங்களைப் பதியும் ஜாப் கார்டில் ‘குறை ஏதும் தென்படவில்லை’ என்று எழுதியதுதான். காய்ச்சல் விட்டிருக்கும் நேரமாகப் பார்த்துத் தெர்மாமீட்டர் வைத்தால் அது என்ன காட்டும்?

அடுத்த முறை மென்பொருள் புதுப்பித்து, கிளட்சின் பிடிமானப் புள்ளியை மறுபடி கற்கவைத்துத் தந்தார்கள். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது என்பதை கியர்பாக்ஸின் கணினி ஓட்டத்திலேயே கற்று நினைவில் வைத்துக்கொள்வதால், அந்த நினைவை அழித்துப் புதிதாகத் தொடங்கும்போது சில நாட்களுக்கு எல்லாம் சரியானது போலவே இருக்கும். தகட்டிலேயே கோளாறு இருந்தால் உதறல் திரும்பி வரும். வந்தது. இதைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று: வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீடுகளை அச்செடுக்காமலேயே அழித்துவிட்டார்கள். குறியீட்டை அழித்தால், அது பதிவான கணத்தில் வண்டியின் வேகமும் எஞ்சினின் சுழற்சியும் வெப்பநிலையும் என்னவாக இருந்தன என்ற பதிவும் கூடவே போய்விடும். குறைக்கு இருந்த ஒரே சாட்சியைக் கலைத்துவிட்டு, ஆதாரம் எங்கே என்று வாடிக்கையாளரிடமே கேட்பது எந்த வகை நியாயமோ தெரியவில்லை.

இரண்டாவது குறை, மழை பெய்தால் முன் இருக்கையில் கால் வைக்கும் இடத்தில் தேங்கும் தண்ணீர். ஏசி போடாமல் நிறுத்தி வைத்திருந்தபோதும் தேங்கியதால் அது ஏசியிலிருந்து வடியும் நீர் அல்ல. பிசுபிசுப்போ இனித்த வாடையோ இல்லாததால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் அல்ல. கூரையில் திறக்கும் சன்ரூஃபின் மழைநீர் வடிகுழாய்களில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைத்திருக்கும். அவர்களோ காலடி விரிப்பைக் கழுவி உலர்த்தி, வாசனைத் தெளிப்பானும் அடித்து ஒப்படைத்தார்கள். வீட்டுக்கு வந்து கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், அடியிலிருந்த பஞ்சு விரலால் அழுத்திய இடத்தில் நீரைக் கக்கியது. அதன் கீழே ஓடிய ஒயர்களின் கனெக்டர் ஒன்றில் பச்சை நிறக் களிம்பு ஏறத் தொடங்கியிருந்தது. அந்தப் படத்தை அனுப்பியதற்கு இதுவரை பதில் இல்லை.

பணியாளர்களை மட்டும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. வாரண்டி வேலைக்குத் தயாரிப்பு நிறுவனம் டீலருக்குத் தருவது பெரும்பாலும் முன்கூட்டியே வரையறுத்த நேரக் கணக்கின்படிதான் என்பதால், குறையைத் தேடிக் கண்டுபிடிக்கச் செலவாகும் நேரம் டீலருக்கு இழப்பாகவே தெரிகிறது. ஆனால் மதிப்பெண் கேட்பதற்கு மட்டும் நேரம் இருக்கிறது: தயாரிப்பு நிறுவனத்திலிருந்து அழைப்பு வரும், பத்துக்குப் பத்து கொடுத்துவிடுங்கள், குறைந்தால் என் தலையில்தான் விழும் என்று அட்வைசர் கெஞ்சாத குறையாகக் கேட்டபோது, வண்டி உதறிக்கொண்டேதான் இருந்தது.

தயாரிப்பாளர் வாரண்டி, பொதுவாக வண்டியை விற்ற டீலரோடு மட்டும் கட்டுப்பட்டதல்ல. அதே நிறுவனத்தின் வேறு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் செல்லும். ஆகவே எல்லா ஜாப் கார்டுகளின் நகல்களோடும் புகாரைத் தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்பிவிட்டு, வண்டியை வேறொரு சென்டரில் விட்டிருக்கிறேன். அங்கிருந்த டெக்னீஷியன் என்னையே ஓட்டச் சொல்லி, ஸ்கேனரைப் பொருத்தியபடி பக்கத்தில் உட்கார்ந்து, நெரிசலில் உதறல் வரும்வரை காத்திருந்து பதிவு செய்துகொண்டார். கிளட்ச் மாற்றுவதற்கான ஒப்புதல் இன்னும் வரவில்லை.