82 டன்னா, 44 டன்னா, 200 டன்னா: ட்ராவலர் விளையாட்டுக்கு ஒரு சிறு வணிகக் கப்பல்

மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடும் விண்வெளிக் கதாபாத்திர விளையாட்டான ட்ராவலரில் ஒரு வணிக விண்கப்பலை வடிவமைக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் எஞ்சினிலிருந்தும் பீரங்கியிலிருந்தும் தொடங்குகிறார்கள். நான் மாதத் தவணையிலிருந்து தொடங்குவேன். 1977இல் மார்க் மில்லர் உருவாக்கி கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிட்ட இந்த விளையாட்டில், கப்பல் என்பது நாற்பது ஆண்டுக் கடன். விலையில் ஐந்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டிவிட்டு, அதன்பின் மாதந்தோறும் முழு விலையில் 240இல் ஒரு பங்கை 480 மாதங்களுக்குக் கட்ட வேண்டும். மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்கள் எந்த உலகுக்குப் போவார்கள், எந்தச் சந்தேகத்துக்குரிய சரக்கை ஏற்றுக்கொள்வார்கள் என்பதையெல்லாம் பெரும்பாலும் இந்த ஓர் எண்தான் முடிவு செய்கிறது.

ஒப்பிடப்போவது மூன்று கப்பல்களை: 200 டன் ஃப்ரீ ட்ரேடர், அதே 200 டன்னில் ஜம்ப்-2 திறன் கொண்ட, அதாவது விண்மீன்களுக்கிடையே ஒரே தாவலில் இரண்டு பார்செக் (விண்வெளித் தூர அலகு) கடக்கும் ஃபார் ட்ரேடர், 400 டன் மானிய வணிகக் கப்பல். பதிப்புக்குப் பதிப்பு எண்கள் மாறுவதால், எல்லாக் கணக்கையும் 1981ஆம் ஆண்டு விதிகளின்படியே போட்டிருக்கிறேன். அந்த விதிகளில் ஒரு ஜம்ப் முடிய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். துறைமுகத்தில் சரக்கு இறக்கி ஏற்ற இன்னொரு வாரம். ஆக, மாதத்துக்கு இரண்டு பயணங்கள். சரக்குக் கூலி டன்னுக்கு 1,000 கிரெடிட் (விளையாட்டின் பணம்). உயர்வகுப்புப் பயணிக்கு 10,000. உறைதுயில் பெட்டியில் படுத்து வருபவருக்கு 1,000.

ஃப்ரீ ட்ரேடரின் உடலை முதலில் பிரித்துப் பார்ப்போம். ஜம்ப் எஞ்சின் 10 டன், இயக்க எஞ்சின் 1 டன், மின் உலை 4 டன், எரிபொருள் 30 டன், ஓட்டுநர் தளம் 20 டன், கணினி 1 டன், பத்து அறைகளுக்கு 40 டன், இருபது உறைதுயில் பெட்டிகளுக்கு 10 டன், ஆயுதக் கட்டுப்பாட்டுக்கு 2 டன் போக, சரக்குக்கு மிஞ்சுவது 82 டன். விலை 3 கோடியே 70 லட்சத்து 80 ஆயிரம் கிரெடிட். தவணை மாதம் 1,54,500.

ஓட்டுநர், எஞ்சினியர், மருத்துவர், பணிப்பாளர் என நால்வர் போதும்; பத்து அறைகளில் நான்கு அவர்களுக்கு, ஆறு பயணிகளுக்கு. அவர்கள் சம்பளம் 15,000, சுத்திகரித்த எரிபொருள் 25,000, உயிர்காப்புச் செலவு 44,000, பராமரிப்புக்காக ஒதுக்க வேண்டியது சுமார் 3,000, துறைமுகக் கட்டணம் 200. தவணையையும் சேர்த்தால் மாதச் செலவு ஏறத்தாழ 2,41,800. சரக்கறையும் அறைகளும் பெட்டிகளும் முழுதாக நிறைந்தால் வரவு 3,24,000. எனவே 82,000க்குச் சற்று மேல் கையில் நிற்கும். முக்கால் பங்குதான் நிறைந்தது என்றால் மிஞ்சுவது எட்டாயிரம் அளவே. பாதிதான் நிறைந்தது என்றால், சுத்திகரிக்காத எரிபொருளை வாங்கி 20,000 மிச்சம் பிடிக்கலாமா, அதனால் ஜம்ப் தவறிப்போனால் என்ன செய்வது என்ற பேச்சு தானாகவே எழும். ஓர் ஆட்டத்துக்கு இதைவிட நல்ல உந்துதலை, ஆட்டத்தை நடத்தும் நடுவர் எவரும் செயற்கையாக உருவாக்கிவிட முடியாது.

வடிவமைப்பவர்கள் பொதுவாகக் கவனிக்காத ஒன்று, ஒரு டன் இடம் எவ்வளவு சம்பாதிக்கிறது என்பது. சரக்கு டன்னுக்கு 1,000 தருகிறது. நான்கு டன் எடுத்துக்கொள்ளும் அறை, உயிர்காப்புச் செலவு 2,000 போக 8,000 தருகிறது. அதாவது டன்னுக்கு 2,000. அரை டன் பெட்டி, செலவு 100 போக 900 தருவதால், டன்னுக்கு 1,800. காகிதத்தில் பார்த்தால் சரக்கறையைச் சுருக்கி அறைகளையும் பெட்டிகளையும் கூட்டுவதே புத்திசாலித்தனம் போலத் தெரியும். ஆனால் பயணிகள் எத்தனை பேர் வருவார்கள் என்பதை அந்த உலகின் மக்கள்தொகையும் பகடையும் தீர்மானிக்கின்றன. வராத பயணிக்காகக் கட்டிய அறைக்கும் தவணை ஓடிக்கொண்டே இருக்கும்.

உறைதுயில் பெட்டிகளில் கணக்குக்கு அப்பாற்பட்ட ஒன்றும் இருக்கிறது. அதில் படுத்தவரை எழுப்பும்போது இரண்டு பகடைகளில் 5 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். விழாவிட்டால் அவர் இறந்துவிடுகிறார். ஆறில் ஒருவர் என்ற விகிதம் அது. தேர்ந்த மருத்துவர் உடனிருந்தால் பன்னிரண்டில் ஒருவராகக் குறைகிறது. இருபது பெட்டிகளும் நிறைந்திருந்தால், சாதாரண மருத்துவரின் கையில் சராசரியாக மூன்று பேருக்கு மேல் இறந்துவிடுவார்கள். எங்கள் மேசையில் மருத்துவராக ஆடிய நண்பர் முதல் பயணத்தின் முடிவில் இருபது முறையும் தாமே உருட்டினார். நான்காவது மரணத்துக்குப் பிறகு மேசையில் யாரும் பேசவில்லை, அடுத்த துறைமுகத்தில் அவர் பெட்டிப் பயணிகளை ஏற்ற மறுத்துவிட்டார். அதனால் மாதம் 36,000 குறைந்தது. அந்த மறுப்பைத் தாங்கிக்கொள்ளும் அளவு இடம் ஃப்ரீ ட்ரேடரின் கணக்கில் இருக்கிறது என்பதை நான் அதன் பெரிய தகுதியாகக் கருதுகிறேன்.

ஃபார் ட்ரேடர் என்ற பெயரில் விளையாட்டிலேயே ஒரு கப்பல் உண்டு. ஆனால் ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டும் என்பதற்காக, அதே பத்து அறைகளையும் இருபது பெட்டிகளையும் வைத்து நானே ஒன்றை வரைந்தேன். ஜம்ப் எஞ்சின் 15 டன்னாகவும் மின் உலை 7 டன்னாகவும் வளர்கின்றன. அந்த எட்டு டன் பெரிய இழப்பல்ல. இடத்தை விழுங்குவது எரிபொருள்தான். ஒவ்வொரு பார்செக்குக்கும் கப்பலின் பருமனில் பத்தில் ஒரு பங்கு எரிபொருள் வேண்டும் என்பதாலும், உலையின் தேவையும் இரட்டிப்பாவதாலும், தொட்டி 30 டன்னிலிருந்து 60 டன்னாகிறது. சரக்கறை 44 டன்னாகச் சுருங்குகிறது. எஞ்சின், உலை, ஒரு படி உயர்ந்த கணினி ஆகியவை சேர்ந்து, ஃப்ரீ ட்ரேடருக்குக் கிடைக்கும் நிலையான வரைபடத் தள்ளுபடியை இதற்கும் கொடுத்தால்கூட, விலையை 5 கோடியே 50 லட்சத்து 80 ஆயிரமாக்குகின்றன. தவணை மாதம் 2,29,500.

இங்கேதான் இந்த விதிகளின் முக்கியமான நுணுக்கம் வருகிறது. கட்டணம் சேருமிடத்துக்குத்தானே தவிர, தூரத்துக்கு அல்ல. இரண்டு பார்செக் கடந்து கொண்டுபோய்ச் சேர்த்தாலும் டன்னுக்கு அதே 1,000தான். ஆகவே முழுதாக நிறைந்த ஃபார் ட்ரேடரின் மாத வரவு 2,48,000. செலவோ 3,43,000க்கு மேல். ஓர் இடம்கூடக் காலியில்லாமல் ஓடினாலும் மாதம் 95,000 நட்டம். இதைக் கணக்கிடாமல் இந்தக் கப்பலை வாங்கிக் கொடுக்கும் நடுவர், மூன்றே மாதத்தில் வங்கிக்குப் பயந்து ஓடும் ஆட்டத்தைத்தான் நடத்த வேண்டியிருக்கும்.

எனவே ஃபார் ட்ரேடர் கூலிக்கு ஓடும் கப்பலாக இருக்க முடியாது; சொந்தச் சரக்கை வாங்கி விற்கும் கப்பலாகத்தான் இருக்க முடியும். நட்டத்தையும் இழந்த கூலியையும் சேர்த்து ஈடுகட்ட வேண்டுமானால், ஒவ்வொரு பயணத்திலும் டன்னுக்கு ஏறத்தாழ 2,100 லாபம் வேண்டும். தானியத்தின் அடிப்படை விலை டன்னுக்கு 300; விதிகளிலுள்ள விலை அட்டவணையின் உச்சமான நான்கு மடங்குக்கு விற்றாலும் 1,200தான் வரும், ஆகவே தானியம் இந்தக் கப்பலுக்கு உதவாது. மசாலாப் பொருளின் அடிப்படை விலை 6,000. எண்பது சதவீதத்துக்கு வாங்கி நூற்றிருபது சதவீதத்துக்கு விற்றால் 2,400 நிற்கும். விலை உயர்ந்த சரக்கை, அது மலிவாகக் கிடைக்கும் உலகில் தேடிப் பிடித்து, தேவைப்படும் உலகுக்கு நேராகத் தாவிச் செல்லும் குழுவுக்கு ஜம்ப்-2 உண்மையான ஆயுதம். வணிக அட்டவணையை விரும்பிப் படிக்கும் ஒருவராவது அந்தக் குழுவில் இருக்க வேண்டும்.

விண்மீன் வரைபடம் எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த விளையாட்டுக்காக 1979இல் வெளிவந்த ஸ்பின்வார்ட் மார்ச்சஸ் என்ற வரைபடத் தொகுப்பில், ஒரு பார்செக் இடைவெளியில் ஒன்றையொன்று தொட்டபடி நீளும் உலகங்களின் சங்கிலி உண்டு. ஆடுபவர்கள் அதை மெயின் என்பார்கள். அந்தச் சங்கிலியில் இருக்கும்வரை ஃப்ரீ ட்ரேடருக்குத் தடையில்லை. சங்கிலியை விட்டு விலகி இரண்டு பார்செக் பள்ளத்தைத் தாண்ட வேண்டிய இடத்தில்தான் அது நின்றுவிடும்.

அப்படி நின்றுவிடும்போதும் ஒரு வழி இருக்கிறது. நடுவர் ஒப்புக்கொண்டால், சரக்கறையில் தற்காலிகத் தொட்டி வைத்து 20 டன் எரிபொருளைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு, வெற்று வெளியில் ஒருமுறை இறங்கி மீண்டும் தாவலாம். உலைக்கான எரிபொருள் நான்கு வாரம் தாங்கும் என்பதால் அதில் தட்டுப்பாடு இல்லை. அந்தப் பயணத்துக்கு மட்டும் சரக்கு 62 டன்னாகும்; ஃபார் ட்ரேடரின் 44 டன்னைவிட அது அதிகம். கொடுக்க வேண்டிய விலை ஒரு வாரக் காலம். எப்போதாவது ஒரு பள்ளத்தைத் தாண்டுவதற்காக மாதந்தோறும் 75,000 கூடுதல் தவணை கட்டுவதைவிட, அந்த ஒரு வாரத்தை இழப்பது மேல் என்பது என் முடிவு.

மானிய வணிகக் கப்பலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 400 டன் உடல், 200 டன் சரக்கு, பதின்மூன்று அறைகள், ஒன்பது பெட்டிகள், உடன் 20 டன் சிறு கலம் ஒன்று. விலை 10 கோடியே 10 லட்சத்து 30 ஆயிரம். சொந்தக் கடனில் ஓட்டினால், முழுதாக நிறைந்தும் மாதம் 30,000 அளவே மிஞ்சும். 200 டன்னைச் சிறு உலகங்களில் நிரப்புவது எளிதும் அல்ல. மானியத்தில் ஓட்டினால் நிலைமை தலைகீழாக மாறுகிறது. அரசு தவணையைப் பார்த்துக்கொள்கிறது; பதிலுக்கு மொத்த வரவில் பாதியை எடுத்துக்கொள்கிறது. முழு வரவான 5,78,000இல் பாதி போனாலும், நடப்புச் செலவு 1,27,000 கழித்து 1,61,000க்கு மேல் கையில் நிற்கும். பாதி நிறைந்தாலும் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் அரசு குறித்துக் கொடுத்த, இரண்டிலிருந்து பன்னிரண்டு உலகங்கள் கொண்ட தடத்தில்தான் ஓட வேண்டும். நெருக்கடி வந்தால் கப்பலை அரசு பணிக்கு அழைத்துக்கொள்ளும். ஒரே உலகங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து, அங்குள்ளவர்களோடு பல ஆண்டு உறவு வளர்க்க விரும்பும் குழுவுக்கு இதுவே சிறந்தது. நினைத்த இடத்துக்குப் பறக்க விரும்புபவர்களுக்கு இது மூச்சுமுட்டும்.

புதிய குழுவுக்கு நான் கொடுப்பது ஃப்ரீ ட்ரேடரைத்தான். கொடுக்கும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்வேன்: கப்பலின் நிலையான கட்டுமான வரைபடத்தைத் தொடாதீர்கள். வரைபடத்தில் உள்ளபடி கட்டினால் விலையில் பத்து சதவீதம் குறைகிறது. உறைதுயில் பெட்டிகள் மனத்தை உறுத்துகின்றன என்று பத்தைக் கழற்றி, சரக்கறையை 87 டன்னாக்கித் தனிவரைவில் கட்டினால், அந்தத் தள்ளுபடி போய் விலை 4 கோடியே 7 லட்சமாகிறது. தவணை மாதம் 15,000க்கு மேல் ஏறுகிறது. கூடுதலாகக் கிடைத்த ஐந்து டன் மாதம் தருவதோ 10,000. பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு, மருத்துவர் சம்மதிக்காத மாதங்களில் பூட்டி வையுங்கள்.