கிளிப் போடும் முன் பல்லை எடுப்பதா, இருக்கும் பல்லுக்கே இடம் தேடுவதா?

முப்பது, நாற்பது வயதில் துணிந்து கிளிப் போடப் போகிறவரைத் தயங்கி நிற்க வைப்பது ஒரே ஒரு வாக்கியம்: "நாலு பல் எடுக்க வேண்டியிருக்கும்." சொத்தை இல்லை, வலி இல்லை, நன்றாக இருக்கிற பல்லை ஏன் எடுக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: எனக்கு எத்தனை மில்லிமீட்டர் இடம் குறைகிறது?

எல்லாக் கணக்கும் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு தாடையில் பற்கள் நேராக நிற்க 4 மி.மீ. வரை இடம் குறைந்தால் லேசான நெருக்கம், 4 முதல் 8 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது என்று பொதுவாகப் பிரிப்பார்கள். முன்பற்கள் துருத்திக்கொண்டும் இருந்தால் கணக்கு மாறும். அவற்றை 1 மி.மீ. உள்ளே கொண்டுபோகப் பல்வரிசையின் வளைவில் 2 மி.மீ. இடம் வேண்டும், பக்கத்துக்கு ஒன்றாக. கண்ணாடியில் "கொஞ்சம்தான் கோணல்" என்று தெரிகிற வாய்க்கும் மருத்துவர் பெரிய எண்ணைச் சொல்வது இதனால்தான்.

லேசான நெருக்கத்துக்கு என் ஓட்டு பல்லின் பக்கவாட்டைத் தேய்ப்பதற்கே. உப்புத்தாள் போன்ற மெல்லிய பட்டையால் இரண்டு பற்கள் தொடும் இடத்தில் எனாமலைச் சிறிதளவு தேய்த்து எடுப்பார்கள். ஒரு தொடுமிடத்தில் சுமார் அரை மி.மீ. கிடைக்கும். ஆறு முன்பற்களுக்கு இடையே ஐந்து தொடுமிடங்கள், ஆகவே இரண்டரை மி.மீ. பின்பற்களிலும் தேய்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். மரத்துப்போகும் ஊசிகூடப் பெரும்பாலும் தேவைப்படாது. தேய்த்த எனாமல் திரும்ப வளராது, அது உண்மை. ஆனால் அளவோடு தேய்த்து மெருகேற்றிவிட்டால் அதனால் சொத்தை கூடுவதில்லை என்று பல ஆண்டுகள் கவனித்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நுனி அகன்று ஈறுப்பக்கம் குறுகிய முக்கோணப் பல் உள்ளவர்களுக்கு இது இரட்டை லாபம்: இடமும் கிடைக்கும், பற்களுக்கு இடையே ஈறோரம் தெரியும் கருப்பு இடுக்கும் சிறுக்கும்.

"பல் எடுக்கவே வேண்டாம், தாடையை விரித்துவிடலாம்" என்பது கேட்க இனிக்கும் வாக்குறுதி. சிறுவர்களுக்குப் பொருந்தும். மேல் அண்ணத்தின் நடுவே உள்ள எலும்பு இணைப்பு பதின்பருவத்தின் பிற்பகுதியில் பெரும்பாலும் இறுகிவிடுகிறது. அதன் பிறகு சாதாரண கருவியால் விரித்தால் எலும்பு விரிவதைவிடப் பற்கள் வெளிப்பக்கமாகச் சாய்வதுதான் அதிகம். பல்லின் வெளிப்பக்க எலும்பு, குறிப்பாகக் கீழ் முன்பற்களில், மிக மெல்லியது. பல் அதைத் தாண்டித் தள்ளப்பட்டால் ஈறு இறங்கி வேர் தெரியத் தொடங்கும். இறங்கிய ஈறு தானாக ஏறாது. பல் எடுக்கப் பயப்படுகிறவர்கள் இந்த ஆபத்தைக் கணக்கில் வைப்பதே இல்லை என்பது என் ஆதங்கம். எலும்பில் திருகு பதித்து விரிக்கும் முறையும் அறுவை சிகிச்சையும் பெரியவர்களுக்கு உண்டு. ஆனால் அவை மேல்தாடையே குறுகலாக இருப்பவர்களுக்கானவை, வெறும் நெருக்கத்துக்கு அல்ல.

சிறு திருகுகளைப் பிடிமானமாக வைத்துப் பின்பற்களை மேலும் பின்னால் நகர்த்தியும் சில மி.மீ. பெறலாம். வேடிக்கை என்னவென்றால், அதற்கு வழிவிடப் பல நேரம் ஞானப்பல்லை எடுக்க வேண்டியிருக்கும். மற்றபடி, ஞானப்பல்லை மட்டும் எடுத்துவிட்டால் முன்பல் நெருக்கம் தானாகக் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, நாலு பல் எடுப்பதற்கு வருவோம். கோரைப்பல்லை அடுத்துள்ள முன்கடைவாய்ப் பற்களில் பக்கத்துக்கு ஒன்றாக எடுப்பதுதான் வழக்கம். ஒன்றின் அகலம் சுமார் 7 மி.மீ., அப்படியென்றால் ஒரு தாடைக்கு 14. அதே தோற்றத்தில் இன்னொன்று பின்னால் இருப்பதால், இடைவெளி மூடிய பிறகு எடுத்தது பார்ப்பவருக்குத் தெரியாது. மூடுவதற்கு மாதம் சுமார் 1 மி.மீ. வேகம்தான், எனவே சிகிச்சை நீளும். 6 மி.மீ. நெருக்கத்துக்குப் போனால் மீதி 8 என்னாகும்? முன்பற்கள் உள்ளே போகலாம், அல்லது பின்பற்கள் முன்னே வரலாம். உதட்டை மூடவே சிரமப்படும் அளவுக்குப் பற்கள் துருத்தியவருக்கு முதலாவது வரம். மெல்லிய உதடும் தட்டையான முகவாட்டும் உள்ளவருக்கு அதுவே வேண்டாத விளைவு. அவருக்கு முதல் முன்கடைவாய்ப் பல்லுக்குப் பதில் இரண்டாவதை எடுத்தால் முன்பற்கள் அவ்வளவாகப் பின்வாங்காது. மூச்சுப்பாதை சுருங்கித் தூக்கத்தில் மூச்சுத்திணறல் வரும் என்ற அச்சமும் உலவுகிறது. அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர்கள் சங்கம் 2019-ல் வெளியிட்ட அறிக்கை, இருக்கும் சான்றுகள் அதை ஆதரிக்கவில்லை என்றது.

இது நூறாண்டுப் பழைய சண்டை. நவீனப் பல் சீரமைப்பின் தந்தை எனப்படும் எட்வர்ட் ஆங்கிள் எல்லாப் பற்களையும் காக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அவருடைய மாணவர் சார்லஸ் ட்வீட், தான் அப்படிச் சீரமைத்த பல வாய்கள் திருப்தியாக இல்லை என்று கண்டு, முன்கடைவாய்ப் பற்களை எடுத்து மறுசிகிச்சை செய்து 1940 வாக்கில் சக மருத்துவர்களிடம் காட்டினார். குருவின் கொள்கைக்கு எதிராகத் தன் தோல்விகளையே சாட்சியாக வைத்த அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

பெரும்பாலும் பெரியவர்களிடம் வரும் இன்னொரு வாய்ப்பு: ஏற்கெனவே பெரிதாக அடைத்த பல்லோ வேர் சிகிச்சை செய்து பலவீனமான பல்லோ இருந்தால், நல்ல பல்லை விட்டுவிட்டு அதை எடுப்பது. கடைவாய்ப் பல்லானால் இடைவெளி பெரிது, மூட அதிக நாளாகும். இருந்தாலும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி.

கடைசியாக, கீழ் முன்பல் ஒன்றை மட்டும் எடுப்பது. நெருக்கம் அங்கேதான், ஒரே பல், 5 மி.மீ.க்கு மேல் இடம். மிகவும் கவர்ச்சியான வழி, அதனாலேயே எனக்கு அதன்மேல் சந்தேகம். நாலு பல் இருந்த இடத்தில் மூன்று நின்றால் மேல் நடுப்பற்கள் இரண்டும் சேரும் நடுக்கோடு, கீழே ஒரு பல்லின் மத்தியில் விழும். மேல் பற்களின் மொத்த அகலத்துக்குக் கீழ்ப் பற்கள் போதாமல், மேல்வரிசை முன்னே துருத்தியபடி நின்றுவிடலாம். வயது ஏறியவர்களுக்கு மூடிய இடத்தில் கருப்பு இடுக்கு மிஞ்சுவதும் சகஜம். கீழ்ப் பற்கள் இயல்பிலேயே பெரிதாகவோ, மேல்வரிசையில் பக்கத்து வெட்டுப்பற்கள் சிறிதாகவோ இருப்பவர்களுக்கு இது அருமையாகப் பொருந்தும். எடுக்கும் முன் பற்களின் மாதிரியிலோ கணினியிலோ இறுதி வரிசையை அமைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

எந்த வழியில் போனாலும், பற்கள் மீண்டும் நகராமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர் காலத்துக்கும் தேவை, அதில் யாருக்கும் சலுகை இல்லை. பல் எடுத்த இடைவெளியை மூடும்போது பற்கள் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது, கழற்றி மாட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையான அலைனரைவிடக் கம்பி கிளிப்புக்கு எளிது.

குறையும் இடத்தின் எண் இரண்டுங்கெட்டானாக, 5 அல்லது 6 மி.மீ. என்று வந்தால்? முதலில் பல் எடுக்காமலே வரிசைப்படுத்தத் தொடங்கி, சில மாதம் கழித்து உதடும் ஈறும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து முடிவு செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்போது எடுக்க நேர்ந்தால் சிகிச்சை சில மாதங்கள் நீளும், அவ்வளவுதான்.