ஆயா மாறிய திங்கட்கிழமை: காரைக்குடி பிளே ஸ்கூல் ஒன்றில் 22 மாதங்கள்

சேர்த்த முதல் மாதத்திலேயே எழுதியிருந்தால் இந்தப் பிளே ஸ்கூலுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன். ஆறாம் மாதம் எழுதியிருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். 22 மாதம் முடிந்து, வருகிற ஜூனில் மகள் எல்.கே.ஜி.க்குப் போகப் போகிறாள். இப்போது எழுதினால்தான் நியாயமாக இருக்கும். பெயர் சொல்லப் போவதில்லை. இதில் நடந்ததெல்லாம் வேறு எந்தப் பிளே ஸ்கூலிலும் நடக்கக்கூடியதுதான்.

முதலில் எங்கள் நிலைமை. நான் காரைக்குடியில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கணவர் திருச்சியில் இருக்கிறார், சனிக்கிழமை ராத்திரி வருவார். என் அம்மா தேவகோட்டையில். மகளைச் சேர்க்கும்போது 2 வயது 3 மாதம். காலை 9 மணிக்கு வேன், சாயங்காலம் 5.30 வரை டே கேர். என் வேலை நேரத்துக்கு அச்செடுத்த மாதிரி பொருந்தியது.

இடம் கொப்புடையம்மன் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பழைய செட்டியார் வீடு. முகப்பில் திண்ணை, உள்ளே வளவு என்கிற திறந்த முற்றம், சுற்றிலும் பத்தி என்கிற தாழ்வாரம், தரை முழுக்கப் பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக்கல். மே மாத வெயிலிலும் அந்தத் தரையில் குழந்தைகள் வயிற்றை வைத்துப் படுத்துக் கிடக்கும். மழை பெய்தால் வளவில் தண்ணீர் விழுவதை வரிசையாக உட்கார்ந்து பார்ப்பார்கள். சிலபஸ், ஸ்மார்ட் டிவி என்று நோட்டீஸில் என்னென்னவோ போட்டிருந்தது. நான் வளவைப் பார்த்துத்தான் பணம் கட்டினேன். அது எவ்வளவு அரைகுறையான கணக்கு என்று பிறகு தெரிந்தது.

அங்கே ஒரு ஆயா இருந்தார். எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவரையும் ஆயா என்றுதான் கூப்பிடுகிறோம். பெரியவர்களுக்கு இதில் குழப்பமில்லை. என் மகளோ தனக்கு இரண்டு ஆயா என்றே முடிவு கட்டிவிட்டாள்: ‘தேவோட்டை ஆயா’, ‘ஸ்கூல் ஆயா’. ரசஞ்சோற்றைப் பிசைந்து சின்னச் சின்ன உருண்டையாகத் தட்டில் வைத்து, "இது காக்காவுக்கு, இது உனக்கு" என்று ஊட்டியவர் இந்த இரண்டாவது ஆயா. வீட்டில் நானும் அதையே செய்து பார்த்தேன். "நீ உருண்டை பெருசா புடிக்கிற" என்று சொல்லிவிட்டாள்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 9.40க்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: நாளை முதல் புதிய உதவியாளர், பெற்றோர் ஒத்துழைக்கவும். அவ்வளவுதான். திங்கட்கிழமை கேட்டில் புது முகம். மகள் வேனை விட்டு இறங்கவில்லையாம். தூக்கி இறக்கியிருக்கிறார்கள்.

அடுத்த மூன்று வாரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சமயத்தில் நான் செய்தது பெரும்பாலும் தப்பு. எட்டு மாதமாகப் படுக்கை நனைக்காத பிள்ளை மறுபடி நனைக்க ஆரம்பித்தாள். டிபன் டப்பா மூடி திறக்காமலே திரும்பி வந்தது. நான் என்ன செய்தேன்? அவள் பொம்மையைப் பார்க்கிற நேரம் பார்த்து நைசாக நழுவினேன். அதன்பிறகு வீட்டில் நான் குளியலறைக்குப் போனாலும் கதவருகே நின்று அழுதாள். சாக்லேட் தருகிறேன் என்றேன். சாக்லேட்டை வாங்கிக்கொண்டும் அழுதாள். எல்லாவற்றையும் விட மோசம், "ஆயா நாளைக்கு வருவாங்க" என்று தினமும் சொன்னதுதான். தினமும் காலையில் கேட்டைப் பார்த்ததும் அவள் முகம் மலரும், பிறகு விழும். என் அம்மா ஒருநாள் போனில் கேட்டார், "ஏன்த்தா, பச்சப் பிள்ளைகிட்ட பொய் சொல்லுற? போயிட்டாகன்னு சொல்லு, அழுதுட்டுப் போகட்டும்."

சரி என்று அன்றைக்கே சொன்னேன். ஆயா அவர் மகன் ஊருக்குப் போய்விட்டார், இனிமேல் இங்கே வரமாட்டார் என்று. நன்றாக அழுதாள். அப்புறம் ஒரு கேள்வி: "ஆயாவுக்கு அங்க யாரு சோறு ஊட்டுவாக?" எனக்குப் பதில் தெரியவில்லை. வேன் டிரைவர் அண்ணனிடம் நம்பர் வாங்கி வீடியோ காலில் பேச வைத்தேன். நான் எதிர்பார்த்த மாதிரி கட்டிப்பிடித்து அழுகிற காட்சியெல்லாம் இல்லை. போனுக்கு முன்னால் பேசாமல் நின்றாள். ஓடிப் போய்க் காலி டிபன் டப்பாவை எடுத்து வந்து திரையில் காட்டினாள். ஆயாவும் "அடி என் தங்கம், எல்லாத்தையும் தின்னுட்டியா" என்றார். தின்றிருக்கவில்லை, நான் கொட்டியிருந்தேன். ஆனால் மறுநாள் உண்மையிலேயே பாதி காலியாக வந்தது.

பள்ளி நிர்வாகத்திடம் போனேன். "ரெண்டு நாள்ல பழகிடுவாங்க மேடம்" என்ற அதே வாசகம். இந்த இடத்தில் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆள் மாறுவது எனக்குப் புரிகிறது. அந்தச் சம்பளத்துக்கு யாரும் எத்தனை நாள் இருப்பார்கள்? ஒரு வாரம் முன்னால் சொல்லி, பழையவரும் புதியவரும் நாலு நாள் சேர்ந்து நின்றிருந்தால் பாதி அழுகை குறைந்திருக்கும். அதற்கு ஆகிற செலவு நாலு நாள் கூலி.

அந்தக் காயம் ஆறுவதற்குள் தை மாதத்தில் அடுத்த இடி. வீட்டைக் காலி செய்கிறோம் என்றார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சங்கதி தெரிந்தவர்களுக்குக் காரணம் ஆச்சரியமாக இருக்காது. வீடு ஒருவருடையது இல்லை, பல பங்காளிகளுடையது. வெளியூரில் இருக்கும் ஒரு பங்குக்காரர் வீட்டுக் கல்யாணம், பூர்வீக வீட்டில்தான் நடத்த வேண்டும் என்று முடிவாகிவிட்டது. பத்து நாளில் பைபாஸ் பக்கம் ஒரு கான்கிரீட் வீட்டுக்கு மாறினார்கள். வெள்ளை டைல்ஸ், மேலே வெயில் இறங்கும் மொட்டை மாடி, வளவு கிடையாது. வேன் நேரம் 9லிருந்து 8.15க்குப் போனது. மாதக் கட்டணம் 600 ரூபாய் கூடியது.

இந்தத் தடவை பாடம் படித்திருந்தேன். மாறுவதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் அவளைப் புது வீட்டுக்கு நடத்திக் கூட்டிப்போனேன். கேட் பூட்டியிருந்தது. கம்பி வழியாகவே பார்த்தோம். "அதோ வேப்பமரம், அதோ குழாய், அங்கதான் செருப்பு விடணும்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கேட்டுக்கொண்டாள். உள்ளே தரை தெரிந்ததும் மட்டும், "பூ இல்ல" என்றாள்.

பூ என்றால் ஆத்தங்குடிக் கல்லில் இருக்கும் பூ. பழைய இடத்தில் தினமும் ஒரே இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தச் சிவப்புப் பூவின் விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டே இருப்பாள் என்று மிஸ் முன்பே சொல்லியிருந்தார். தேவகோட்டை வீட்டிலும் அதே மாதிரி கல். ஞாயிற்றுக்கிழமை அவளை ஆத்தங்குடிக்கே கூட்டிப்போனோம். ஒரு பட்டறையில் வேலை நடந்துகொண்டிருந்தது. கண்ணாடித் தட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. மேலே உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவி, கலவையை வைத்து அழுத்துகிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்கிறார்கள். அடியில் இருந்த கண்ணாடி பிரிந்து வரும்போதுதான் அந்தப் பளபளப்பு வெளியே வருகிறது. மகள் அரை மணி நேரம் இமைக்காமல் பார்த்தாள். ஓரம் உடைந்ததால் ஒதுக்கிவைத்த ஒரு கல்லை, காசு வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தார் அங்கிருந்த அண்ணன்.

அந்தக் கல்லை மிஸ்ஸிடம் கொடுத்து, அவள் பை வைக்கிற இடத்தில் தரையில் வைக்க முடியுமா என்று கேட்டேன். குழந்தை கையில் கல் எதற்கு என்று நிர்வாகம் இழுத்தது. மிஸ் பேசாமல் நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரோரம் வைத்துவிட்டார். இரண்டு வாரத்தில் நாலைந்து பிள்ளைகள் அதில் உட்கார முறை வைத்துச் சண்டை போட்டார்களாம். இடம் மாறியதால் வந்த அழுகை மூன்றாவது நாளோடு நின்றது.

இரண்டாம் வருடம் ஜூலையில் டே கேர் நேரத்தை 5.30லிருந்து 4 மணியாகக் குறைத்தது பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அது முழுக்க என் பிரச்சினை. இரண்டு வாரம் அரை நாள் விடுப்பு, அப்புறம் எதிர்வீட்டு அக்கா.

அந்தச் சமயத்தில் தெரு முனை அங்கன்வாடிக்கே மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். போய்ப் பார்த்தேன். அங்கே இருந்த டீச்சரும் உதவியாளரும் பல வருடமாக அதே ஆட்கள். கட்டணமில்லை, மதியச் சாப்பாடும் முட்டையும் உண்டு, ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டப்படி பாட்டும் கதையும் நடக்கிறது. அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கியது. அங்கன்வாடி என்றாலே நம் ஆட்கள் முகம் சுளிப்பது ஏன் என்று அன்றைக்கு நிஜமாகவே புரியவில்லை. நேரம் மட்டும் ஒத்து வரவில்லை, இல்லாவிட்டால் மாற்றியிருப்பேன்.

ஆகஸ்டில் பெற்றோர் 11 பேர் சேர்ந்து ஒரு கடிதம் கொடுத்தோம். சேர்க்கும்போது 17 பிள்ளைகள், இப்போது 31, மிஸ் ஒருவர்தான். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தனியார் பிளே ஸ்கூல்களுக்கு வகுத்த வழிகாட்டுதலில் 20 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், ஒரு பராமரிப்பாளர் என்று இருப்பதை அடிக்கோடிட்டு வைத்தோம். ஆள், இடம், நேரம் எது மாறினாலும் 15 நாள் முன்னால் சொல்ல வேண்டும், புது ஆள் பழைய ஆளோடு ஒரு வாரம் சேர்ந்து இருக்க வேண்டும் என்றும் கேட்டோம். முதலில் முறைத்தார்கள். இன்னொரு மிஸ் வந்தார். 15 நாள் என்பதை ஒரு வாரமாக்கி ஒப்புக்கொண்டார்கள்.

அக்டோபரில் பழைய மிஸ் கல்யாணம் ஆகிப் போனபோது அப்படியே செய்தார்கள். புது மிஸ் ஐந்து நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கடைசி நாள் பழைய மிஸ் எல்லோருக்கும் மாவுருண்டை கொடுத்து, "திங்கக்கிழமை நான் வரமாட்டேன், இந்த மிஸ் வருவாங்க" என்று அவரே சொல்லிவிட்டுப் போனார். மகள் வீட்டுக்கு வந்து அதே வாக்கியத்தைத் தேவகோட்டை ஆயாவுக்குப் போனில் சொன்னாள். அழவில்லை. படுக்கையும் நனையவில்லை.

மதிப்பெண் கேட்டால்: மிஸ்களுக்கு நாலரை, இடத்துக்கு முதல் ஏழு மாதம் ஐந்து, பிறகு இரண்டு. நிர்வாகத்துக்குத் தொடக்கத்தில் ஒன்று, கடிதத்துக்குப் பிறகு மூன்று.

போன வாரம் எல்.கே.ஜி. படிவம் வாங்க ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தோம். அலுவலக அறைக்குப் போவதற்கு முன்னால், கேட்டில் பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்த பள்ளி ஆயாம்மாவிடம் "எத்தனை வருசமா இங்க இருக்கீக?" என்று கேட்டேன். "ஒம்பது வருசமாச்சுத்தா" என்றார். நான் படிவத்துக்குப் பணம் எடுக்கும்போது மகள் குனிந்து தரையைப் பார்த்தாள். சிவப்புச் சிமெண்டுத் தரை.

"பூ இல்லம்மா," என்றாள். "நம்ம கல்லக் கொண்டு வருவோமா?"