இடது தோள் அரை இஞ்ச் இறக்கம்

விடுமுறைக்கு ஊருக்கு வரும் வெளிநாட்டுத் தமிழர்கள் பலரைப் போலவே நானும் கோட்டு தைக்கும் வேலையைப் பயணத்தின் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைப்பவனாகவே இருந்தேன். ஐந்தாண்டுகளுக்கு முன் அப்படித் தைத்த கோட்டு விமானம் ஏறும் நாளன்றுதான் கைக்கு வந்தது. போட்டுப் பார்க்க நேரமில்லாமல் நேரே பெட்டியில் வைத்தேன். திரும்பி வந்து அணிந்தபோது பின்கழுத்தில் கோட்டின் காலருக்கும் சட்டைக் காலருக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. இரண்டு முறை டிரை கிளீனிங்குக்குக் கொடுத்ததும் மார்புப் பகுதியில் துணி கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. விறைப்புக்காக உள்ளே வைக்கும் கேன்வாஸ் துணியைத் தைத்து இணைக்காமல் பசையால் ஒட்டியிருந்தார்கள் என்பதும், சூடும் சலவைக் கரைப்பானும் பட்டுப்பட்டு அந்தப் பசை விட்டுப்போகக்கூடும் என்பதும் அதன் பிறகே எனக்குத் தெரியவந்தன. அந்தக் கோட்டுடன் போன கூட்டங்களில் எல்லாம் என் கவனம் பேச்சில் இல்லை, கழுத்தில்தான் இருந்தது.

ஆகவே இம்முறை வந்திறங்கிய மூன்றாம் நாளே உறவினர் ஒருவர் சொன்ன தையற்கடைக்குப் போனேன். கையில் முழுதாக மூன்று வாரம் இருந்தது. கட்டிங் மாஸ்டர் அறுபதைக் கடந்தவர். டேப்பை எடுக்குமுன் சற்று நேரம் என்னைப் பேசவிட்டு, நான் நிற்பதையும் திரும்புவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அளவு எடுக்க வந்ததும் வழக்கம்போல நெஞ்சை நிமிர்த்தினேன். "தம்பி, போட்டோவுக்கு நிக்கிற மாதிரி வேண்டாம். ஆபீஸ்ல எப்படி நிப்பீங்களோ அப்படியே நில்லுங்க" என்றார். உடம்பைத் தளர்த்தி நின்றேன். எண்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் நடுவில் நிறுத்தி, "இடது தோள் அரை இஞ்ச் இறக்கம்" என்று உதவியாளரை எழுதிக்கொள்ளச் சொன்னார். ஆண்டுக்கணக்காக மடிக்கணினிப் பையை ஒரே தோளில் மாட்டியதால் வந்ததோ என்னவோ, அதுவரை எனக்கே தெரியாமலிருந்த செய்தி அது.

அடுத்து அவர் கேட்டது நிறத்தைப் பற்றியோ பட்டனைப் பற்றியோ அல்ல; எந்த மாதிரித் தோள் வேண்டும் என்பதே. லண்டனில் தையற்கடைகளுக்குப் பேர்போன தெருவான சாவில் ரோவில் வளர்ந்த தையல் மரபு ராணுவச் சீருடையோடு நெருங்கிய தொடர்புடையது; அங்கே தோளில் திண்டு வைத்து, மார்பை எடுப்பாக நிறுத்துவார்கள். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத் தையற்காரர்கள் திண்டை ஏறக்குறைய நீக்கிவிட்டு, சட்டைக் கையைப் போல லேசான சுருக்கத்துடன் கையைப் பொருத்துவார்கள். 1970களில் இத்தாலிய ஆடை வடிவமைப்பாளர் ஜார்ஜியோ அர்மானி உள்விறைப்பைக் குறைத்துத் தளர்வான கோட்டுகளை வெளியிட்ட பின் அந்த மென்மை உலகெங்கும் பரவியது. சரிந்த தோள்காரனான நான் தடித்த திண்டுதான் மிடுக்குத் தரும் என்று பல ஆண்டுகளாக நம்பியிருந்தேன். மாஸ்டர் இரண்டு மாதிரிக் கோட்டுகளை அடுத்தடுத்து அணிவித்து என்னைக் கண்ணாடிமுன் நிறுத்தினார். திண்டு வைத்ததில் கோட்டுதான் தெரிந்தது, மற்றதில் நான் தெரிந்தேன். தனித்த பாணி என்று நாம் தேடுவதை நிறத்திலும் கைக்குட்டையிலும் கொண்டுவந்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறையேனும் இப்படி இரண்டு தோள்களையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

துணி விஷயம் விரைவில் முடிந்தது. நான் 'சூப்பர் 150' கேட்டேன். அவர் 'சூப்பர் 100' போதும் என்றார். அந்த எண் கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்பதைக் குறிப்பது. 100 என்றால் இழையின் சராசரி விட்டம் 18.75 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போகக் கூடாது, 150 என்றால் 16.25க்கு மேல் போகக் கூடாது. இழை மெலிய மெலியத் தொடுவதற்கு இதமாக இருக்கும், ஆனால் எளிதில் கசங்கும், சீக்கிரம் தேயும். வாரம் இரண்டு நாள் அணிகிறவனுக்கு அது ஒத்துவராது.

எட்டாம் நாள் முதல் ட்ரையல். அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளை நூலால் கச்சாத் தையல் போட்டு, காலரும் ஒரு கையும் இல்லாமல் இருந்த அந்தக் கோட்டை மாட்டியதும், கழுத்திலிருந்து இடது அக்குளை நோக்கி ஒரு சாய்ந்த மடிப்பு ஓடியது. மாஸ்டர் மடிப்பின் மேல் கை வைக்கவே இல்லை. பிளேடால் இடது தோள் தையலை மட்டும் பிரித்து, பின்பக்கத் துணியை நூலளவு நூலளவாக மேலே ஏற்றி, மூன்று குண்டூசிகளைக் குத்தினார். இழுத்துவிட்ட விரிப்பைப் போல மடிப்பு மறைந்தது. சுண்ணாம்புக் கட்டியால் புதிய தையல் கோடு வரைந்துவிட்டு, "ஒசரத்துல இருக்குற கம்பியப் புடிக்கிற மாதிரி கையத் தூக்குங்க" என்றார். தூக்கினேன், கை மட்டும் உயர்ந்தது, கோட்டின் விளிம்பும் காலர் இருக்க வேண்டிய இடமும் அசையவில்லை. கோட்டில் கை இணையும் துளையான கைக்குழி அக்குளுக்கு நெருக்கமாகவும் சிறியதாகவும் வெட்டப்பட்டிருந்ததே காரணம். ஆயத்த ஆடைகளில் பலவிதமான உடம்புகளுக்கும் பொருந்த வேண்டுமென்று குழியைத் தாழ்த்தி அகலமாக வெட்டிவிடுவதால், கையைத் தூக்கினால் கோட்டு முழுதும் கூடவே ஏறுகிறது. தளர்வாக இருப்பதுதான் வசதி என்ற என் பழைய எண்ணம் அன்று போயிற்று. கணினிமுன் உட்கார்ந்து பழகிய என் கைகள் சற்று முன்தள்ளித் தொங்குகின்றன என்று சொல்லி, கையைப் பொருத்தும் கோணத்தையும் சிறிது முன்பக்கம் திருப்பிக் குறித்துக்கொண்டார்.

இரண்டாம் ட்ரையலில் சட்டைக் கை ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரியுமாறு கோட்டின் கை நீளம் தீர்மானமாயிற்று. குறைகளும் இருந்தன. கால்சட்டையின் கீழ்ப்பகுதியை நான் சொன்னதைவிடக் குறுக்கிவிட்டார்கள். அதைப் பிரித்துத் தைத்ததில், சொன்ன நாளைவிட இரண்டு நாள் தாமதமானது. கடைக்கு மூன்று முறை தொலைபேசியில் அழைத்தும் சரியான பதில் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கடைசி வாரத்தில் கொடுத்திருந்தால் பழைய கதைதான் நடந்திருக்கும். முதல் மூன்று நாளுக்குள் துணியைக் கொடுத்து, இரண்டு ட்ரையலுக்கு ஒப்புக்கொள்கிறார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒரே ட்ரையலில் முடித்துத் தருவதாகச் சொல்லும் கடையில் நான் இனிக் கொடுக்கமாட்டேன்.

வாங்கும் நாளன்று, கேன்வாஸ் தைத்ததுதானா என்று கடைசிப் பட்டனுக்குக் கீழே துணியைக் கிள்ளி விரல்களால் உருட்டிப் பார்த்தேன்; மேல்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே தனியாக நழுவும் மூன்றாவது படலம் விரலில் தட்டுப்பட்டது. மாஸ்டர் கோட்டை உட்புறமாகத் திருப்பி, முதுகுத் தையலிலும் பக்கத் தையல்களிலும் மடித்து விட்டிருந்த உபரித் துணியைக் காட்டினார். "உடம்பு கொஞ்சம் போட்டாலும் பயமில்ல தம்பி, பிரிச்சு விட்டுக்கலாம். ஆனா இந்தத் தோள மட்டும் வேற யார்கிட்டயும் பிரிக்கக் குடுக்காதீங்க" என்றார். அளவு நோட்டில் என் பக்கத்தின் மூலையை மடித்து, அலமாரியில் பழைய நோட்டுகளுக்கு மேலே வைத்தார்.