கலகக்காரர்களுக்குத் தனிப் பெட்டி: ஜார்ஜ் டவுனில் ஓர் இசைத்தட்டுக் கடை

கடையின் பெயரைப் போடவில்லை. குறை கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன், நடத்துகிறவர்களோ நல்ல பிள்ளைகள், பிழைத்துப் போகட்டும். பழைய கடைவீடு ஒன்றின் மாடி, செங்குத்தான மரப்படி, முட்டி வலி உள்ளவர்கள் யோசித்து ஏறவும். மேலே பாதி இடம் இசைத்தட்டு, பாதி இடம் கோப்பி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தட்டுகளைக் கழுவித்தான் வைக்கிறார்கள், பினாங்கில் இது லேசான காரியம் இல்லை. லோரோங் கூலிட் சந்தையில் வெயிலிலும் தூசியிலும் கிடந்ததை வாங்கி வந்து ஊசியை வைத்துப் பாருங்கள், பாட்டுக்கு முன்னால் அப்பளம் பொரிகிற சத்தம்தான் வரும். இங்கே கீறல் இருந்தால் எந்தப் பாட்டில் கீறல் என்று ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் போட்டுக் கேட்கலாம், ஒரு பக்கம் முழுக்கக் கேட்டாலும் யாரும் முறைப்பதில்லை. ஸ்பீக்கர்கள் அருமை.

சரி, இப்போது அந்தப் பெட்டிக்கு வருகிறேன்.

ஜன்னலோரம் ஒரு மரப்பெட்டி, மேலே சிவப்பு எழுத்தில் 'ரெபெல் மியூசிக்'. டிலன், மார்லி, தி கிளாஷ், பப்ளிக் எனிமி, ஃபேலா குட்டி எல்லாரையும் ஒன்றாக அடைத்து வைத்திருக்கிறார்கள். மற்ற பெட்டிகளில் 60, 80 வெள்ளிக்குக் (ரிங்கிட்) கிடைக்கிறது, இதில் மட்டும் 150க்குக் கீழே ஒன்றுமில்லை. ஏன் என்று கேட்டேன். கல்லாவில் இருந்தது நம்ம பையன்தான். "அண்ணே, இதுதான் இப்போ நல்லா ஓடுது, சுவர்ல மாட்டறதுக்கு வாங்கறாங்க" என்றான். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் பிளேயரே கிடையாதாம். பெட்டிக்குப் பக்கத்திலேயே கறுப்பு ஃபிரேம் அடுக்கியிருக்கிறது, 45 வெள்ளி, தனிக் கணக்கு.

அதைக்கூட விட்டுவிடலாம், யார் வீட்டுச் சுவர், யார் காசு. ஃபேலாவின் தட்டில் ஒட்டியிருந்த குறிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை: 'ஆஃப்ரோபீட், பார்ட்டிக்கு ஏற்றது'. அந்த மனிதர் 1976இல் நைஜீரிய ராணுவத்தைக் கேலி செய்து ஓர் இசைத்தட்டு போட்டார். 1977 பிப்ரவரியில் ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்கள் லாகோஸில் அவர் வாழ்ந்த வளாகத்துக்குள் புகுந்து, இருந்தவர்களை அடித்து, கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். அவருடைய அம்மா ஃபுன்மிலாயோ அந்த நாட்டுப் பெண்களின் உரிமைக்காகப் போராடிய பெரிய தலைவர். அவரையும் மாடியிலிருந்து தூக்கி எறிந்தார்கள், மறு வருஷம் இறந்துபோனார். அந்தத் தட்டில் பிறந்தநாள் பார்ட்டிக்கு ஆட வசதியான தாளம் இருப்பது உண்மைதான், இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை என்பதும் தெரியும். தி கிளாஷ் 1982இல் வெளியிட்ட ஒரு பாட்டு, 1991இல் லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்தில் வந்த பிறகுதான் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. குழு கலைந்து அதற்குள் பல வருஷம் ஆகியிருந்தது. கலகத்தை விலைக்கு வைக்கிற வேலை இந்த மாடியில் ஆரம்பிக்கவில்லை.

வாசலுக்கு நேராக, கண்ணில் படுகிற மாதிரி, டெய்லர் ஸ்விஃப்ட் அலமாரி. ஒரே ஆல்பம் பல நிறங்களில். கடையின் வாடகையைக் கட்டுவது இந்த அலமாரிதான் என்று பையன் சிரித்துக்கொண்டே சொன்னான், நம்புகிறேன். 2024 செப்டம்பரில் அவர் கமலா ஹாரிஸுக்கு ஆதரவாக இன்ஸ்டாகிராமில் ஒரு போஸ்ட் போட்டார், அதில் வைத்த இணைப்பின் வழியாக ஒரே நாளில் அமெரிக்க வாக்காளர் பதிவுத் தளத்துக்கு ஏறக்குறைய 4 லட்சம் வருகைகள். நவம்பரில் ஹாரிஸ் தோற்றார். பாடகியின் தொழிலுக்குப் பெரிய அடி எதுவும் விழவில்லை. 2003 மார்ச்சில், ஈராக் போருக்குப் பத்து நாள் இருக்கும்போது, டிக்சி சிக்ஸ் என்ற அமெரிக்க கண்ட்ரி இசைக் குழுப் பெண்கள் லண்டன் மேடையில் அதிபர் புஷ்ஷும் தங்களைப் போல டெக்சாஸ்காரர் என்பது வெட்கமாக இருக்கிறது என்று ஒரு வரி சொன்னதற்கு, நாடு முழுக்க கண்ட்ரி வானொலிகள் அவர்கள் பாட்டையே நிறுத்தின. ஸ்விஃப்ட் செய்தது தப்பு என்று சொல்ல மாட்டேன், வாக்காளராகப் பதிந்துகொள்ளச் சொன்னதில் என்ன தப்பு. என் கவலை வேறு. முன்பு ஒரு பாடகரின் அரசியல் தெரிய வேண்டுமென்றால் பாட்டைக் கேட்டாக வேண்டும். இப்போது அரசியல் பாட்டிலிருந்து கழன்று போஸ்டுக்குக் குடிபோய்விட்டது, தட்டில் மிஞ்சியிருப்பது காதலும் காதல் முறிவும்தான்.

மேடையிலேயே பேசினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், செப்பாங்கில் நடந்ததைப் பார்த்தோமே. 2023 ஜூலை 21, குட் வைப்ஸ் விழாவில் தி 1975 குழுவின் மேட்டி ஹீலி, ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கும் நம் மலேசியச் சட்டத்தைத் திட்டிவிட்டு, உடன் வாசிக்கிற ஆணுக்கு மேடையில் முத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். மீதி இரண்டு நாளும் ரத்து. பாட வேண்டிய உள்ளூர்க் குழுக்கள், சாமான் வாங்கிப் போட்டிருந்த உணவுக் கடைக்காரர்கள் எல்லாரும் நடுத்தெருவில். எந்த மக்களுக்காகப் பேசுவதாகச் சொன்னாரோ அவர்களில் பலரே, இதனால் எங்களுக்குத்தான் இன்னும் நெருக்கடி என்றார்கள். ஃபேலா பாடியதற்கு அடி ஃபேலா வீட்டின் மேலேயே விழுந்தது, ஹீலி பேசியதற்கு முதல் அடி வாங்கியது சாப்பாட்டுக் கடைக்காரர். எனக்கு இந்த வித்தியாசம் பெரிதாகப் படுகிறது. அதே வருஷம் நவம்பரில் கோல்ட்பிளே குழு கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கத்துக்கு வந்தபோது, ஏதாவது எல்லை மீறினால் மின்சாரத்தையே துண்டிக்கலாம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது.

உள்ளூரில் சொந்தச் செலவில் அடி வாங்கியவர்களும் உண்டு. அம்பாங்கில் ரூமா ஆப்பி என்று ஒரு பங்க் கூடம். நியாயமான தேர்தல் கேட்டு நடந்த பெர்சே 4 பேரணிக்கு முந்தைய இரவு, 2015 ஆகஸ்ட் 28, போலீஸ் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. அந்த வட்டாரத்து இசை ஏதாவது இருக்கிறதா, கார்புரேட்டர் டங் என்ற பங்க் குழு மாதிரி, என்று கேட்டேன். பையன் போனில் தேட ஆரம்பித்தான். ரெபெல் பெட்டியில் ஒரு மலேசியக் குழுகூட இல்லை.

தமிழ் எங்கே? கீழ்த்தட்டில், 'உலக இசை' என்ற பெட்டியில். லிட்டில் இந்தியாவின் குயின் ஸ்ட்ரீட் இங்கிருந்து நடக்கிற தூரம், அங்கே தமிழ்ப் பாட்டு ஸ்பீக்கரில் அலறுகிறது, இங்கே நாம் உலக இசை! அல்லிகேட்ஸ் குழு இருந்தது, மலாய் பாப் வரிசையில், பாடியது மலாய் என்பதால் அது நியாயம்தான், ஆனாலும் டேவிட் ஆறுமுகமும் மறைந்த லோகநாதனும் பினாங்குப் பிள்ளைகள் என்று ஒரு சின்னச் சீட்டாவது ஒட்டியிருக்கலாம்.

உலக இசைப் பெட்டியைக் குடைந்ததில்தான் எனக்கு அதிர்ஷ்டம். எம்.ஜி.ஆர். படப் பாடல் தொகுப்பு ஒன்று, உறை ஓரம் கிழிந்தது, தட்டு சுத்தம், 35 வெள்ளி. நட்சத்திர அரசியலை நமக்கு அமெரிக்கா வந்து சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் கம்யூனிஸ்ட், 29 வயதில் 1959இல் போய்விட்டார். எழுதியவர் அவர், பாடியவர் டி.எம்.எஸ்., வாயசைத்தவர் 1977இல் முதலமைச்சர். அங்கே அரசியல் பாட்டுக்குள்ளேயே இருந்தது, இங்கே ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களுக்கும் மனப்பாடம். 2025 டிசம்பரில் விஜய்யின் பாட்டு வெளியீட்டு விழா புக்கிட் ஜாலிலில் நடந்தது, கட்சித் தலைவரே மேடையில் நிற்கிறார், ஆனால் அரசியல் பேசக்கூடாது என்பது போலீஸ் நிபந்தனை. அரங்கம் நிறைந்தது. அரசியல்வாதி வந்து அரசியல் பேசாமல் போன கச்சேரி, யோசித்தால் சிரிப்பு வருகிறது.

அப்புறம் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பற்றிக் கேட்டேன். 2018இல் சென்னையில் மேடை ஏறியவர்கள், கானாவும் ராப்பும் கலந்து சாதியை நேராகப் பெயர் சொல்லிப் பாடியவர்கள். அந்தக் குழுவின் ராப் பாடகர் அறிவு, அவர் பெயர் பையனுக்குத் தெரிந்திருந்தது. 2021இல் ஒரு பெரிய இசைப் பத்திரிகை அட்டைப்படத்தில் அறிவை விட்டுவிட்டுச் சண்டை வந்ததே, அது வரைக்கும் ஞாபகம் வைத்திருந்தான். "நீயே அந்தப் பெட்டியை அடுக்கலாமே தம்பி" என்றேன். முதலாளியிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றான். நம்ம நாட்டுத் தமிழ் ராப் பாடகர் யோகி பியையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், பார்க்கலாம்.

கோப்பி 14 வெள்ளி, குடிக்கலாம், அவ்வளவுதான். காயா ரொட்டி நன்றாக இருக்கிறது. உலக இசைப் பெட்டிக்காகவும் ஸ்பீக்கருக்காகவும் ஐந்துக்கு மூன்றரை. ஃபேலாவின் சீட்டைக் கிழித்துப் போட்டால் நான்கு தரலாம். வார இறுதியில் சுற்றுலாக் கூட்டம் படி வரைக்கும் நிற்கிறது, வேலை நாளில் மத்தியானம் போங்கள், கார்டு எடுக்கிறார்கள், கார் நிறுத்த மட்டும் தூரமாக இடம் தேட வேண்டியிருக்கும்.