சி.பி.ஏ.வுக்கு '30 கிரெடிட் பேக்கேஜ்' வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அமெரிக்காவில் சி.பி.ஏ., அதாவது நம்மூர் சி.ஏ. போன்ற கணக்காளர் லைசென்சுக்கு முயலும் நம்மவர்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. "உங்களுக்குக் குறைகிற 30 கிரெடிட்டை நாங்கள் முடித்துத் தருகிறோம், கலிபோர்னியா போர்டு அப்ரூவ்டு" என்பார்கள். போர்டு என்பது அந்த லைசென்ஸைத் தரும் மாநிலக் கணக்காளர் வாரியம். கிரெடிட் என்றாலும் யூனிட் என்றாலும் ஒன்றுதான், படித்த பாடத்தின் அளவு. 3,900 டாலர் கட்டினேன். கைக்கு வந்த கிரெடிட்டில் பாதிகூட போர்டின் கணக்கில் ஏறவில்லை. பணமும் திரும்பவில்லை. வழக்கு போட்டிருப்பதால் கன்சல்டன்சியின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்வதைப் படித்தாலே ஆள் யார் என்று சிலருக்குப் பிடிபடும்.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. நான் தமிழ்நாட்டில் பி.காம்., எம்.காம். முடித்தவள். கல்யாணமாகி கலிபோர்னியா வந்து, வேலை செய்ய அனுமதி கிடைத்த பிறகு ஒரு சின்ன வரி அலுவலகத்தில் சேர்ந்தேன். சி.பி.ஏ. தேர்வின் நான்கு தாளையும் எழுதி முடித்துவிட்டேன். தேர்வு எழுத ஒரு பட்டமும், அக்கவுண்டிங்கில் 24 யூனிட்டும், வணிகப் பாடங்களில் 24 யூனிட்டும் இருந்தால் போதும். லைசென்ஸ் என்று வரும்போது, நான் போகிற பழைய வழியில் மொத்தம் 150 செமஸ்டர் யூனிட் கேட்கிறார்கள். அமெரிக்காவில் நான்கு வருடப் பட்டத்துக்கே 120தான் வரும். நம்முடைய பி.காம். மூன்று வருடம். போர்டு ஏற்றுக்கொள்ளும் மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மார்க் ஷீட்டெல்லாம் கொடுத்ததில், இரண்டு பட்டமும் சேர்ந்து 120க்குச் சற்று மேலே வந்தது. ஆக, முப்பதுக்குக் கொஞ்சம் குறைவாக இடிக்கிறது.

எண்ணிக்கை மட்டும் இருந்தாலும் போதாது. அந்த 150க்குள் 10 யூனிட் நெறிமுறை சார்ந்த பாடமாக இருக்க வேண்டும். அதிலும் 3 யூனிட் கண்டிப்பாக அக்கவுண்டிங் எதிக்ஸ், அதாவது கணக்காளருக்கான தொழில் நெறிமுறையாக இருக்க வேண்டும். நான் படித்த பாடத்திட்டத்தில் அப்படி ஒரு தாளே கிடையாது. இந்த இடம்தான் முக்கியம், பிறகு வருகிறேன்.

கன்சல்டன்சிக்காரர் எங்கள் ஊர்த் தமிழ் வாட்ஸப் குழு வழியாக வந்தார். சனிக்கிழமை காலை இலவச வெபினார். கேட்டவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற பெண்கள், பாதிப் பேர் வீடியோவை அணைத்துவிட்டு இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டே கேட்டிருப்பார்கள். அவர் பேச்சில் குறை சொல்ல முடியாது. வாய்க்கு வாய் "சிஸ்டர்". இரண்டு பட்டத்துக்கும் எவ்வளவு யூனிட் வரும் என்று கேட்ட மாத்திரத்தில் சொன்னார், அது கிட்டத்தட்ட சரியாகவும் இருந்தது. அதனால்தான் நம்பிக்கை வருகிறது. கடைசியில் ஒரு அவசரத்தையும் கிளப்பினார்: "150 ரூல் மாறப்போகுது சிஸ்டர், இன்னும் டைட் பண்ணப்போறாங்க, இந்த பேட்ச்ல சேர்ந்துடுங்க."

இது 2025 தொடக்கத்தில். அந்த ஜனவரியில்தான் ஓஹியோவில் நேர் எதிரான சட்டம் வந்திருந்தது: 150 இல்லாவிட்டாலும் இளநிலைப் பட்டமும் இரண்டு வருட அனுபவமும் இருந்தால் லைசென்ஸ், 2026 ஜனவரி முதல் அமல். அந்த வருடத்துக்குள்ளேயே இன்னும் பல மாநிலங்கள் அதே போல மாற்றின, கலிபோர்னியாவும் அந்த வரிசையில் சேர்ந்தது. நாடு முழுக்கத் தளர்த்திக்கொண்டிருந்த விதியை இறுக்கப்போகிறார்கள் என்று சொல்லி விற்றிருக்கிறார். எனக்கு ஒரு வருட அனுபவம்தான் இருந்தது, அதனால் 150 வழியையே பிடித்துக்கொண்டேன். அந்த வெபினாரில் இருந்த இன்னொரு பெண்ணுக்கு ஐந்து வருட அனுபவம். அவருக்கு இந்த பேக்கேஜே தேவைப்பட்டிருக்காது.

பணம் கட்டும்போது ஒரு சலுகை உண்டு. கிரெடிட் கார்டு என்றால் 3,900, ஸெல்லில் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் சேவை) அனுப்பினால் 200 டாலர் தள்ளுபடி. நான் கார்டில் கட்டுகிறேன் என்றதும், "மெஷின் ரிப்பேர், இந்த வாரம் ஸெல் மட்டும்தான், தள்ளுபடி முடிந்துவிட்டது" என்று பதில் வந்தது. முழுத்தொகையும் ஸெல்லில்தான் போனது. கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிட்டு நிறுத்த வழி உண்டு. ஸெல்லில் நாமே அனுப்பிய பணத்துக்கு வங்கி கையை விரித்துவிடும். அந்தத் தள்ளுபடி எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

படிப்பு எப்படி இருந்தது என்று நிறைய எழுத ஒன்றுமில்லை. வீடியோ, பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள், ஒரு கட்டுரை. படிப்பு நடந்தது வேறொரு மாநிலத்தில் உள்ள ஒரு கல்லூரியின் பெயரில். அந்தக் கல்லூரி நிஜமானது. அமெரிக்கக் கல்வித்துறையின் தரவுதளத்தில் தேடினேன், அங்கீகாரம் இருந்தது. அதோடு சந்தேகம் தீர்ந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். போலிக் கல்லூரி பற்றித்தான் எல்லோரும் எச்சரிக்கிறார்கள். என் விஷயத்தில் கல்லூரியில் கோளாறில்லை, கோளாறு வேறு இடத்தில்.

ட்ரான்ஸ்கிரிப்ட் வந்தது. முன்பக்கம் பாடங்கள், மதிப்பெண், கீழே தடித்த எழுத்தில் மொத்தம் 30.0. பின்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து. அதில் நடுவாந்திரத்தில் ஒரு வரி: இங்கே காட்டப்பட்டுள்ள எல்லா யூனிட்டும் குவார்ட்டர் யூனிட். போர்டு கணக்குப் பார்ப்பது செமஸ்டரில். செமஸ்டர் என்பது அரையாண்டுப் பருவம், குவார்ட்டர் அதைவிடச் சின்னப் பருவம். ஒரு குவார்ட்டர் யூனிட் என்பது செமஸ்டர் யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்குதான். 30 என்பது அந்த நிமிடமே 20 ஆகிவிட்டது. செமஸ்டர் கணக்கில் 30 வேண்டுமென்றால் 45 குவார்ட்டர் யூனிட் படித்திருக்க வேண்டும்.

குவார்ட்டர் முறையே மோசடி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பக்கத்து டி ஆன்சா, ஃபுட்ஹில் கல்லூரிகளும் குவார்ட்டர்தான். அவர்கள் அதை முன்னாலேயே சொல்கிறார்கள், கட்டணத்தையும் அதற்கேற்பக் குறைவாக வாங்குகிறார்கள். கன்சல்டன்சிக்காரர் வெபினாரில் 30, விளம்பரத்தில் 30, ரசீதில் 30 என்றே போட்டார். எந்த யூனிட் என்று எங்கேயும் வாய் திறக்கவில்லை.

அடுத்த அடி போர்டின் கடிதத்தில் வந்தது. பாடங்களில் இரண்டு, அடிப்படை அக்கவுண்டிங்கும் வணிகச் சட்டமும், நான் பி.காமில் ஏற்கெனவே படித்தவை. ஒரே பாடத்துக்கு இரண்டு முறை யூனிட் தர மாட்டார்கள். அந்த இரண்டும் சேர்ந்து 8 குவார்ட்டர் யூனிட். அதையும் கழித்தால் 15 செமஸ்டர் யூனிட்கூட மிஞ்சவில்லை. பி.காம். படித்தவர்களுக்கென்றே தயாரித்த பேக்கேஜ் என்று சொல்லிவிட்டு, பி.காமில் எல்லோரும் படிக்கும் பாடத்தையே உள்ளே வைத்திருக்கிறார்கள்.

நெறிமுறைப் பாடத்தில்தான் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. "எதிக்ஸ் கவர் ஆயிடும் சிஸ்டர்" என்று எழுத்திலேயே அனுப்பியிருந்தார். வந்த பாடம் பொதுவான வணிக நெறிமுறை. மீதி 7 யூனிட் கணக்குக்கு அது உதவும். கட்டாயமான அந்த 3 யூனிட்டுக்கு ஈடாகாது. அக்கவுண்டிங் எதிக்ஸ் இல்லாமல் 200 யூனிட் வைத்திருந்தாலும் இந்த வழியில் லைசென்ஸ் கிடையாது.

ஃபோன் செய்தேன். அதுவரை "சிஸ்டர்" என்றவர் அன்றைக்கு "மேடம்" ஆகிவிட்டார்.

"மேடம், நாங்க 30 யூனிட்னு சொன்னோம், 30 குடுத்துட்டோம்."

"போர்டு அப்ரூவ்டுன்னு சொன்னீங்களே?"

"காலேஜ் அக்ரெடிட்டட் மேடம். அதத்தான் சொன்னோம்."

போர்ட்டலைத் திறந்த பிறகு பணம் திரும்பக் கிடையாது என்று ஒப்பந்தத்தில் இருப்பதை எடுத்துப் படித்துக் காட்டினார். பிறகு, குறைகிற யூனிட்டுக்கு 'டாப்-அப்' பேக்கேஜ் 1,900 டாலருக்கு இருக்கிறது, பழைய மாணவி என்பதால் தள்ளுபடி உண்டு என்றார். அங்கேயே ஃபோனை வைத்துவிட்டேன்.

கல்லூரியைக் கேட்டதில், அந்த கன்சல்டன்சி தங்கள் முகவர் இல்லை, பாடங்களை மொத்தமாகப் பதிவு செய்து விற்கிறார்கள், அவ்வளவுதான் என்றார்கள். நேரடியாகச் சேர்ந்திருந்தால் இதே பாடங்களுக்கு 2,400 டாலர்தானாம். தனியார் கல்லூரிகள் மீது புகார் வாங்கக் கலிபோர்னியாவில் மாநில அலுவலகம் ஒன்று உண்டு. ஆனால் கன்சல்டன்சி கல்லூரி இல்லையே. தப்பிக்கிற வழியைப் பார்த்துத்தான் கடையைப் போட்டிருக்கிறார்கள்.

இப்போது பேக்கேஜ் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் முதலில் போர்டின் தளத்துக்குப் போய் அங்கே உள்ள சுய மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்புங்கள். எந்தத் தலைப்பில் எத்தனை யூனிட் இடிக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் விற்கிறவரிடம் பாடங்களின் முழுப்பெயர், பாட எண், செமஸ்டரா குவார்ட்டரா, எல்லாவற்றையும் மின்னஞ்சலில் கேளுங்கள். வாட்ஸப் குரல் செய்தியில் வேண்டாம். சிலர் தொழில் தொடர்கல்வி மணிநேரங்களையும் கிரெடிட் என்று விற்கிறார்கள். லைசென்ஸ் வாங்கியவர்கள் அதைப் புதுப்பிக்கத்தான் அவை, 150ல் சேராது.

கம்யூனிட்டி காலேஜை மறந்துவிடாதீர்கள். மாநிலவாசி என்று கல்லூரி ஏற்றுக்கொண்டால் செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர். 30 யூனிட்டுக்கு 1,380. என்ன, நேரம் பிடிக்கும், ஒரே மாதத்தில் முடியாது. பேக்கேஜ்காரர்கள் விற்பது அந்த அவசரத்தைத்தான். அக்கவுண்டிங் எதிக்ஸ் வகுப்பில் நான் இப்போது சேர்ந்திருக்கிறேன், 138 டாலர், உடன் படிப்பவர்களில் பலர் என்னைவிட மூத்தவர்கள்.

பணத்துக்காக முதலில் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பினேன், பதில் இல்லை. ஆகவே சிறு வழக்கு நீதிமன்றத்தில் பதிவு செய்துவிட்டேன். கலிபோர்னியாவில் தனிநபர் 12,500 டாலர் வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வைக்க அனுமதியில்லை, நாமே பேச வேண்டும். 'எதிக்ஸ் கவர் ஆயிடும்' என்ற அவருடைய செய்தியையும் போர்டின் கடிதத்தையும் ட்ரான்ஸ்கிரிப்டின் பின்பக்கத்தையும் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அதே வெபினாரில் சேர்ந்து பணம் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், ஸெல் ரசீதையும் அவர் அனுப்பிய செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். வாட்ஸப் குழுவிலேயே என்னைத் தனியாகத் தொடர்புகொள்ளுங்கள், அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது.