வண்டலூர் ஜூ பெயரைச் சொல்லி நடக்கும் சம்மர் கேம்ப்: பணம் கட்டும் முன் படியுங்கள்

தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கத்து அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு நோட்டீஸ் சுற்றிக்கொண்டிருக்கிறது. வண்டலூர் உயிரியல் பூங்காவின் படத்தைப் போட்டு, குழந்தைகளுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை கேம்ப், யானைக்குத் தன் கையாலேயே சாப்பாடு கொடுக்கலாம், ஜூ டாக்டரோடு ஒரு நாள், முடிவில் சான்றிதழ் என்றெல்லாம் இருக்கும். தயவுசெய்து அதற்குப் பணம் கட்டாதீர்கள். என் மகள் அதில் போய்வந்தாள், அதனால்தான் சொல்கிறேன்.

கட்டணம் 4,500 ரூபாய், ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு. ரசீது கேட்டால் "முதல் நாள் கொடுத்துடுவோம் மேம்" என்றார்கள். கொடுத்த துண்டுச்சீட்டில் முகவரியும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, நோட்டீஸில் அவ்வளவு பெரிதாக இருந்த பூங்காவின் பெயரும் இல்லை.

முதல் நாள் நடந்தது இவ்வளவுதான்: எல்லோரும் வாங்குகிற அதே டிக்கெட்டை கவுண்டரில் வாங்கி, குழந்தைகளை உள்ளே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். 602 ஹெக்டேர் பூங்கா அது. அக்னி நட்சத்திர வெயிலில், பேட்டரி வண்டிகூட எடுக்காமல், ஆறு வயதுப் பிள்ளைகளையும் சேர்த்து நடக்கவிட்டிருக்கிறார்கள். கூட வந்தது ஒரே ஒரு கல்லூரிப் பையன், அவனும் கூண்டுக்கு முன்னால் இருக்கிற பலகையைப் பார்த்து வாசித்துக் காட்டியிருக்கிறான், பாவம், அவனைச் சொல்லி என்ன. கையில் இருந்த தண்ணீர் பதினொரு மணிக்கே தீர்ந்துவிட்டது, வேறு தண்ணீருக்கு யாரும் ஏற்பாடு செய்யவில்லை. சாயங்காலம் முகமெல்லாம் சிவந்து, தலைவலி என்று வந்து படுத்தவள் ராத்திரி சாப்பிடவே இல்லை.

யானை என்ன ஆச்சு, டாக்டர் எங்கே என்று போன் செய்து கேட்டேன். "பெர்மிஷன் லெட்டர் வந்துட்டே இருக்கு மேம்" என்றார் போனை எடுத்த பெண்மணி. அப்படி ஒரு லெட்டர் வரவே முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவு, உயிரியல் பூங்கா விலங்குகளைச் சீண்டுவதையும் அவற்றுக்குத் தீனி போடுவதையும் தடை செய்கிறது. யானைக்குப் பிள்ளைகள் சாப்பாடு கொடுக்கலாம் என்று எந்த நோட்டீஸ் சொன்னாலும், அந்த ஒரு வரியே போதும், அது பொய்.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்தான் பூங்காவுக்கு வார விடுமுறை! பெற்றோருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், வேனில் ஏற்றி ஏதோ ஒரு டியூஷன் சென்டர் மாடிக்குக் கொண்டுபோய் உட்கார வைத்து, யூடியூப் வீடியோ போட்டிருக்கிறார்கள். என் குழந்தை பகல் முழுக்க எங்கே இருந்தாள் என்பதே அவள் வீட்டுக்கு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். பணம் போனதைவிட இதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

அங்கே மதியத்துக்கு மேல் ஒரு ஆள் கூண்டில் பச்சைக்கிளிகளும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஆமையும் கொண்டுவந்திருக்கிறார். ஒவ்வொரு பிள்ளை கையிலும் அந்த ஆமையைக் கொடுத்து போட்டோ எடுத்து, அதைப் பெருமையாக குழுவில் வேறு போட்டார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் ஓடு முழுக்க மஞ்சள் கதிர்கள், நட்சத்திர ஆமை. அதைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம், கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பதும் குற்றம். "அது ஏம்மா தலைய வெளிய நீட்டவே இல்ல?" என்று என் மகள் கேட்டாள். பயந்தால் ஆமை அப்படித்தான் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று சொன்னேன். மிருகங்கள் மேல் உயிரையே வைத்திருக்கிற குழந்தை அவள். காட்டிலிருந்து பிடித்து வந்த ஒரு ஜீவனை விளையாட்டுச் சாமான் மாதிரி அவள் கையில் திணித்திருக்கிறார்கள்.

அதோடு அனுப்புவதை நிறுத்திவிட்டு பூங்காவில் நேரில் விசாரித்தேன். அவர்களுக்கும் இந்த கேம்ப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கோடை விடுமுறையில் பூங்கா நிர்வாகமே முகாம் நடத்துவது உண்டு, அது வேறு. அதனால் ஜூ கேம்ப் என்று யார் சொன்னாலும் பூங்கா அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். செவ்வாய்க்கிழமை என்ன செய்வீர்கள், பிள்ளைகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் எங்களுக்குச் சொல்வீர்களா, எத்தனை பிள்ளைக்கு ஒரு ஆள் வருவார் என்று நடத்துகிறவர்களிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள், அப்புறம் போனையும் எடுப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். மற்ற பிள்ளைகளின் முகத்தை மறைத்து, அந்த ஆமைப் படத்தை வனத்துறைக்கும் அனுப்பியிருக்கிறேன். இப்போது அதே நோட்டீஸ் வேறு பெயரில், வேறு ஜிபே எண்ணோடு வேளச்சேரி குழுக்களில் வருகிறதாம். பணம் கட்டி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் ரசீதையும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு மெசேஜ் அனுப்புங்கள், நுகர்வோர் ஆணையத்துக்குச் சேர்ந்தே போகலாம்.